இருபத்து மூன்று வருடம், தோளில் ஒரே ஒரு ஸ்டார்: மத்தியப் படை எழுத்தர் ஒருவரின் பதவி உயர்வு

நான் ஒரு மத்திய ஆயுதப் படையில் இருபது வருடம் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வில் வெளியே வந்தவன். இங்கே எழுதப்போவது என் கதை இல்லை. எனக்கு இரண்டு வருடம் சீனியரான, ஒரே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு அண்ணனின் கதை. அவர் இன்னும் சர்வீஸில் இருக்கிறார், அதனால் பெயரும் வேண்டாம், எந்தப் படை என்றும் வேண்டாம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது தம்பி, ஆனா நான் அழுத மாதிரி எழுதாத" என்றார். சரி, அப்படியே எழுதுகிறேன்.

சுருக்கம் இதுதான். 2002-இல் ஹெட் கான்ஸ்டபிள் (மினிஸ்டீரியல்) ஆகச் சேர்ந்தார். 2017-இல் ஏஎஸ்ஐ (அசிஸ்டன்ட் சப்-இன்ஸ்பெக்டர்) ஆனார். 2025-லும் ஏஎஸ்ஐ. இந்த இருபத்து மூன்று வருடத்தில் அவர் மேல் ஒரு விசாரணை இல்லை, ஒரு தண்டனை இல்லை, ஆண்டு மதிப்பீட்டில் ஒரு மோசமான வரி இல்லை. வேலையில் குறை உள்ளவர் தேங்கினால் அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, ஒரு குறையும் இல்லாதவர் ஏன் தேங்குகிறார் என்பதுதான் கேள்வி.

ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் சிப்பாய்

வெளியில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், ஐடிபிபி மாதிரியான படைகளில் மினிஸ்டீரியல் ஆள் என்றால் சிவிலியன் கிளார்க் இல்லை. அவரும் யூனிஃபார்ம் போட்டவர்தான், அடிப்படைப் பயிற்சியில் துப்பாக்கி பிடித்து ஓடியவர்தான், பட்டாலியன் எங்கே போகிறதோ அங்கே போக வேண்டியவர்தான். சம்பள பில், லீவு கணக்கு, சர்வீஸ் புக், பென்ஷன் பேப்பர், கோர்ட் கேஸ் பதில் எல்லாம் அவர் மேஜையில்தான் ஓடும். ஜவான்கள் 'பாபு' என்று கூப்பிடுவார்கள்.

சேர்வதற்கு இப்போது பிளஸ் டூ போதும். கம்ப்யூட்டரில் ஆங்கிலம் என்றால் நிமிடத்துக்கு 35 வார்த்தை, இந்தி என்றால் 30 வார்த்தை அடிக்க வேண்டும். உயரம், மார்பளவு, மெடிக்கல் எல்லாம் உண்டு. அண்ணன் எங்கள் பக்கத்து டவுனில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். அந்த இன்ஸ்டிடியூட்டில் இருந்து மட்டும் அந்தக் காலத்தில் ஏழெட்டுப் பேர் டெல்லிக்கும் வடக்கே படைகளுக்கும் போனார்கள்.

ஏணி எப்படி என்றால்: ஹெட் கான்ஸ்டபிள், அப்புறம் ஏஎஸ்ஐ, எஸ்ஐ, இன்ஸ்பெக்டர், சுபேதார் மேஜர், அதற்கு மேல் அசிஸ்டன்ட் கமாண்டன்ட் (மினிஸ்டீரியல்). சம்பளத்தில் இது லெவல் 4, 5, 6, 7, 8, பிறகு 10. தோளில் பார்த்தால், ஹெட் கான்ஸ்டபிளுக்குக் கையில் மூன்று பட்டை, ஏஎஸ்ஐக்கு ஒரு ஸ்டார், எஸ்ஐக்கு இரண்டு, இன்ஸ்பெக்டருக்கு மூன்று. இந்த ஸ்டார் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது.

பதினைந்து வருடம் கழித்து வந்த முதல் ஸ்டார்

2017-இல் அவருக்கு ஏஎஸ்ஐ ஆர்டர் வந்த நாளில் நான் அதே ஆபீஸில் இருந்தேன். கமாண்டன்ட் அறைக்கு வெளியே ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். அயர்ன் மடிப்பு கலையாத சட்டை, புது ஸ்டார், சிவப்பும் நீலமுமாக ரிப்பன். அந்த ஆறு பேரின் ஆர்டரையும் டைப் அடித்தது இவரேதான், அவருடைய பெயர் நான்காவது வரியில் இருந்தது. கமாண்டன்ட் ஒரு தோளில் வைக்க, சுபேதார் மேஜர் மறு தோளில் வைத்தார். வெளியே வந்து லட்டு கொடுத்தார். வீட்டுக்கு வீடியோ கால் போட்டு மனைவியிடம் தோளைக் காட்டினார். பையன் போனைப் பிடுங்கிக்கொண்டு "இன்னொரு ஸ்டார் எப்பப்பா?" என்று கேட்டான். அப்போது எல்லாரும் சிரித்தோம்.

அந்த மாதச் சம்பளச் சீட்டில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இது பிழை இல்லை, விதியே அப்படித்தான்.

எம்ஏசிபி என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2008 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது, அதற்கான உத்தரவு 2009 மே மாதம் வந்தது. பதவி உயர்வு கிடைக்காத மத்திய அரசு ஊழியருக்கு 10, 20, 30 வருடங்களில் அடுத்த சம்பள நிலை மட்டும் கொடுப்பார்கள், பதவி கிடையாது. அதற்கு முன் 1999-இல் வந்த ஏசிபி திட்டத்தில் 12, 24 என்று இரண்டு முறைதான், ஆனால் அதில் கிடைத்தது அவரவர் பதவி ஏணியின் அடுத்த படிக்கான சம்பளம். எம்ஏசிபியில் அப்படி இல்லை, சம்பள அட்டவணையில் அடுத்த வரி எதுவோ அதுதான். இதை எதிர்த்துப் பல துறைகளில் வழக்குகள் ஓடி, 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே முடித்துவிட்டது.

அண்ணனுக்கு முதல் எம்ஏசிபி 2012-இல் கிடைத்தது, அதாவது கையில் மூன்று பட்டையோடு ஏஎஸ்ஐ சம்பளம். ஐந்து வருடம் கழித்து நிஜமாகவே ஏஎஸ்ஐ ஆனபோது அந்தச் சம்பள நிலையில் அவர் ஏற்கெனவே இருந்தார், எனவே சம்பளத்தை மறுபடி நிர்ணயம் செய்ய வழியில்லை. 2022-இல் இரண்டாவது எம்ஏசிபி வந்தது, இப்போது எஸ்ஐ சம்பளம், ஏஎஸ்ஐ ஸ்டார். நாளைக்கே எஸ்ஐ ஆனாலும் சம்பளம் அதே இடத்தில்தான் நிற்கும்.

பணமாக இது எவ்வளவு என்று பார்க்க, இன்றைய அட்டவணைப்படி ஒரு கணக்கு. லெவல் 4-இல் 25,500-இல் தொடங்கும் ஒருவர் பத்து வருடம் முடித்தால் அடிப்படைச் சம்பளம் 34,300. எம்ஏசிபி கொடுக்கும்போது ஒரு இன்கிரிமென்ட் சேர்த்து 35,300 ஆக்கி, லெவல் 5-இல் அதற்கு அடுத்த கட்டமான 35,900-இல் வைப்பார்கள். பத்து வருடத் தேக்கத்துக்குப் பரிகாரம் அடிப்படையில் 1,600 ரூபாய், அதன் மேல் வரும் அகவிலைப்படி இத்யாதி. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "அதான் சம்பளம் வருதே, அப்புறம் என்ன" என்று கேட்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

சம்பளம் வந்தால் போதும் என்பது சாதாரண ஆபீஸில் ஓரளவுக்குச் செல்லும். படையில் செல்லாது. இங்கே யார் யாருக்கு சல்யூட் அடிக்க வேண்டும், எந்த மெஸ்ஸில் சாப்பிட வேண்டும், கூட்டத்தில் யார் உட்கார வேண்டும் யார் நிற்க வேண்டும் என்பதெல்லாம் தோளைப் பார்த்துத்தான் முடிவாகிறது, சம்பளச் சீட்டைப் பார்த்து இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். ஸ்டெனோ வரிசையில் இருபது வயதுப் பிள்ளைகள் நேரடியாகவே ஏஎஸ்ஐ ஆகச் சேர்கிறார்கள், லெவல் 5. அது வேறு வரிசை, சீனியாரிட்டியில் மோதாது, அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சுருக்கெழுத்து கஷ்டப்பட்டுப் படித்து வருகிறார்கள். ஆனால் அண்ணன் பதினைந்து வருடம் காத்திருந்து வாங்கிய ஸ்டாரும் நேற்றுப் பயிற்சி முடித்து வந்த பையன் போட்டிருக்கும் ஸ்டாரும் ஒன்றுதான். ஒரு நாள் அந்தப் பையன் "சார், நீங்க எந்த பேட்ச்?" என்று சாதாரணமாகக் கேட்டான். அண்ணன் 2002 என்றார். பையன் முகம் மாறியதைப் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தேன், பாவம், அவன் தெரியாமல்தான் கேட்டான்.

வரிசை ஏன் நகரவில்லை

டிபிசி (பதவி உயர்வை முடிவு செய்யும் கமிட்டி) உட்காரவில்லை, மேலிடம் கவனிக்கவில்லை, பைல் தூங்குகிறது என்றெல்லாம் கேன்டீனில் பேசுவோம். தாமதங்கள் உண்டுதான். பதவி உயர்வில் இடஒதுக்கீடு பற்றிய வழக்குகளால் 2016 செப்டம்பர் முதல் 2018 ஜூன் வரை மத்திய அரசில் பல துறைகளில் உயர்வுகள் நின்றுபோனது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நான் சீனியாரிட்டி லிஸ்ட்டையும் காலியிடங்களையும் வருடக்கணக்கில் பார்த்தவன். மூல காரணம் அதைவிட எளிய ஒரு கணக்கு.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மேலே எஸ்ஐ இடம் 40. ஒவ்வொருவரும் சராசரியாகப் பத்து வருடம் அந்த நாற்காலியில் இருந்தால் வருடத்துக்கு நான்கு இடம் காலியாகும். வரிசையில் அறுபதாவது ஆளாக நிற்பவர் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டும். அவர் எவ்வளவு நன்றாக வேலை பார்த்தாலும் பதினைந்துதான்.

இப்போது இதில் படைகள் வளர்ந்த விதத்தைச் சேருங்கள். புதுப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாக வருவதில்லை, மொத்தமாக வருகின்றன. உதாரணத்துக்கு சிஆர்பிஎஃப்-க்கு 2009-இல் 38 புதிய பட்டாலியன்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. அப்படி வரும்போது கீழே கொத்துக்கொத்தாக எழுத்தர்களை எடுக்கிறார்கள், மேலே திடீரென்று இடங்கள் முளைக்கின்றன, அந்தச் சமயத்தில் வரிசையின் முன்னால் நின்றவர்கள் இளம் வயதிலேயே மடமடவென்று ஏறிவிடுகிறார்கள். அதிர்ஷ்டசாலிகள், அவர்கள் தப்பு இல்லை. ஆனால் முப்பத்தைந்து வயதில் எஸ்ஐ நாற்காலியில் உட்கார்ந்தவர் சீக்கிரம் ஓய்வு பெறப் போவதில்லை. அவருக்குப் பின்னால் ஒரே காலத்தில் சேர்ந்த ஒரு பெரிய கூட்டம், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே தகுதி, ஒரே ஆசையோடு நிற்கிறது. அண்ணன் அந்தக் கூட்டத்தின் நடுவில் மாட்டியவர். இது இன்றும் தொடர்கிறது. 2023 தொடக்கத்தில் சிஆர்பிஎஃப் மட்டும் 1,315 ஹெட் கான்ஸ்டபிள் (மினிஸ்டீரியல்) இடங்களுக்கும் 143 ஏஎஸ்ஐ (ஸ்டெனோ) இடங்களுக்கும் ஆள் எடுத்தது. 2040-இல் அந்த 1,315 பேரும் எங்கே நிற்பார்கள் என்று இப்போதே ஒருவர் கணக்குப் போட்டு வைக்க வேண்டும்.

அடுத்தது 2019. இதைப் பற்றி வெளியில் யாரும் அதிகம் பேசுவதில்லை. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், ஐடிபிபி, எஸ்எஸ்பி நான்கிலும் கமாண்டன்ட் வரை 57 வயதில் ஓய்வு, அதற்கு மேல் 60 என்று இருந்தது. இந்தப் பாகுபாடு செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஜனவரி 31-இல் தீர்ப்பு சொன்னது, ஆகஸ்ட் 19-இல் உள்துறை எல்லாருக்கும் 60 என்று உத்தரவு போட்டது. நியாயமான தீர்ப்பு, நாங்கள் எல்லாரும் கொண்டாடினோம். ஆனால் 2019 செப்டம்பரில் வீட்டுக்குப் போக வேண்டியவர் 2022 செப்டம்பரில் போனார், நடுவில் மூன்று வருடம் வயது முதிர்வால் காலியாகும் இடம் கிட்டத்தட்ட இல்லை. மேலே ஒரு அசிஸ்டன்ட் கமாண்டன்ட் ஓய்வு பெற்றால் கீழே சுபேதார் மேஜர், இன்ஸ்பெக்டர், எஸ்ஐ, ஏஎஸ்ஐ, ஹெட் கான்ஸ்டபிள் என்று ஐந்து பேர் ஒவ்வொரு படி ஏறுவார்கள், அந்தச் சங்கிலி அப்படியே உறைந்துபோனது. வயதை ஏற்றியவர்கள் அதே உத்தரவோடு மேல்நிலை இடங்களைத் தற்காலிகமாகவாவது கூட்டியிருந்தால் இந்த அடி விழுந்திருக்காது.

2019-இல் அண்ணனுக்கு எஸ்ஐ வரிசையில் முன்னால் இருந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. "ரெண்டு வருஷத்துல வந்துரும் தம்பி" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எண் வந்தபோது உடம்பு வரவில்லை

2023 கடைசியில் அவருடைய முறை வந்தது. ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் பிபி அதிகம், சர்க்கரையும் எல்லை தாண்டியிருந்தது. மெடிக்கல் போர்டு எழுதிய குறிப்பு: எஸ்1 எச்1 ஏ1 பி2 இ1.

ஷேப் என்பது மனநிலை, கேட்கும் திறன், கை கால்கள், உடல் தகுதி, கண் பார்வை ஆகிய ஐந்தின் மதிப்பீடு. ஐந்திலும் 1 இருந்தால்தான் ஷேப்-1. இந்தப் படைகளில் சண்டைப் பிரிவோ ஆபீஸோ, யூனிஃபார்ம் போட்ட எந்தப் பிரிவாக இருந்தாலும் பதவி உயர்வுக்கு ஷேப்-1 கட்டாயம். அந்த ஒரு 'பி2' போதும், பெயர் தாண்டிப் போய்விடும். அண்ணனுக்குப் பின்னால் நின்ற நான்கு பேர் எஸ்ஐ ஆனார்கள். அந்த ஆர்டரும் அவர் மேஜை வழியாகத்தான் போனது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறவருக்கு இந்த விதி ஏன் என்று புரிகிறது. சம்பள பில் போடுகிறவர் எஸ்ஐ ஆனாலும் அதே சம்பள பில்லைத்தான் சரிபார்க்கப் போகிறார், பி2 உடம்போடு அவர் ஏஎஸ்ஐ வேலையை இத்தனை நாளாகப் பார்க்கத்தான் செய்கிறார். அதைவிட முக்கியம், முப்பத்தெட்டு வயதில் இந்த உயர்வு வந்திருந்தால் அவர் ஷேப்-1-இல் இருந்தார். அதற்கான சான்று வருடாவருடம் சர்வீஸ் புக்கில் ஒட்டியிருக்கிறது. தாமதம் அமைப்பினுடையது, அந்தத் தாமதத்தில் ஏறிய வயதுக்கும் பிபிக்கும் தண்டனை மட்டும் ஊழியருக்கு. மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற வாரத்தில் இரவு பன்னிரண்டு மணிக்கு டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்த அந்த நாற்காலிதான் அவருக்குச் சர்க்கரையைக் கொடுத்தது என்று நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்தவன்.

எங்கே போய்ச் சொல்வது

ஒரு சிவிலியன் கிளார்க்குக்குச் சங்கம் இருக்கிறது. இங்கே கிடையாது, 1966-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று போலீஸ் படையினர் சங்கம் வைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. சிவிலியன் கிளார்க் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். யூனிஃபார்ம் போட்டவர் ஒன்றியத்தின் ஆயுதப் படை உறுப்பினர் என்பதால் 1985-ஆம் வருடத் தீர்ப்பாயச் சட்டம் அவரைத் தொடாது, நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும், அதற்கு வக்கீல், லீவு, பணம். சரி, எத்தனை இடம் காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா என்றால், இந்தப் படைகள் அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன, ஊழல், மனித உரிமை மீறல் தவிர மற்றதற்கு விலக்கு. அதிகாரிகள் வழக்குப் போட்டு 2019-லும் 2025 மே மாதமும் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், குரூப் 'ஏ' அதிகாரிகளின் கேடரை (பதவி அமைப்பை) ஆறு மாதத்தில் மறுசீராய்வு செய்யச் சொன்னது 2025 தீர்ப்பு. அவர்களும் தேங்கி நின்றவர்கள்தான், ஜெயித்ததில் எனக்கு முழு சந்தோஷம். அந்த வழக்குக்கு வேண்டிய சர்வீஸ் விவரங்களைத் தொகுத்து அடித்துக் கொடுத்த எழுத்தர்களுக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை.

அண்ணன் இரண்டு முறை மனு கொடுத்தார். இரண்டுக்கும் பதில் வந்தது: விதிப்படி காலியிடம் ஏற்படும்போது பரிசீலிக்கப்படும். எங்கள் பிரிவில் வருடக்கணக்காக இருக்கிற அதே டிராஃப்ட். நானே பலருக்கு அதை அடித்து அனுப்பியிருக்கிறேன்.

செய்ய முடியாதது இல்லை

2022 ஜூலை 1-இல் மத்திய தலைமைச் செயலகத்தின் மூன்று பிரிவுகளில் 8,089 பேருக்கு ஒரே நாளில் பதவி உயர்வு கொடுத்தார்கள். வழக்குகளால் வருடக்கணக்கில் தேங்கியிருந்தது, முடிவெடுத்ததும் ஒரே நாளில் நடந்தது. 2025 மே கடைசியில் உள்துறை இன்னொரு உத்தரவு போட்டது: மத்திய ஆயுதப் படைகளில் கான்ஸ்டபிள் முதல் எஸ்ஐ வரை ஓய்வு பெறுகிறவருக்குக் கடைசி நாளில் ஒரு படி மேலான கௌரவப் பதவி கொடுக்கலாம், பணப் பலன் எதுவும் இல்லை. நல்ல விஷயம். ஆனால் இதை யோசித்துப் பாருங்கள், பணமே இல்லாத வெறும் ரேங்க் ஒரு மனிதனின் மானத்துக்குத் தேவை என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியென்றால் அதை அறுபது வயதில், சட்டையைக் கழற்றும் நாளில் ஏன் கொடுக்க வேண்டும்? எம்ஏசிபி கொடுக்கும் நாளிலேயே, அந்தச் சம்பளத்துக்குரிய ரேங்கையும் கொடுத்தால் என்ன? சம்பளம் ஏற்கெனவே போகிறது, கூடுதல் செலவு இரண்டு ஸ்டாரும் ஒரு உத்தரவும்தான்.

எல்லாரும் எஸ்ஐ ஆகிவிட்டால் கீழ் வேலையை யார் பார்ப்பது என்று கேட்கலாம். அந்த மேஜையில் இருக்கிறவர் ரேங்கோடு சேர்த்து அதே மேஜை வேலையைப் பார்ப்பார், நாற்காலியை மாற்றச் சொல்லவில்லை. மினிஸ்டீரியல் பிரிவுக்குத் தனி மருத்துவத் தகுதி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கேடர் மறுசீராய்வு, ஆள் எடுக்கும் எண்ணிக்கையை ஒரே அலையாக இல்லாமல் பரப்பி வைப்பது, இவையும் வேண்டும். ஆனால் முதலாவதாக ரேங்க், ஏனென்றால் அது நாளைக்கே முடியும்.

போன வாரம் அண்ணன் போன் பண்ணினார். காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறாராம், அரிசியை ஒரு வேளையாகக் குறைத்துவிட்டாராம், எடை ஒன்பது கிலோ இறங்கியிருக்கிறது. மூன்று மாதமாக பிபி 130-க்குள் நிற்கிறது, சர்க்கரை மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. ரிவியூ மெடிக்கல் போர்டு அடுத்த மாதம். பையன் இப்போது கல்லூரியில் இருக்கிறான், ஸ்டாரைப் பற்றிக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டான். "பி1 வந்துட்டா அடுத்த டிபிசில பார்க்கலாம்" என்றார். அந்த டிபிசிக்கான காலியிட அறிக்கையை இப்போது அவர்தான் தயார் செய்துகொண்டிருக்கிறார்.